பேஸ்பேக்கு காயிற வரைக்கும்

…இல்ல தாயி, தெரியாமத்தேன் கேக்குறேன். ஒருத்தன் ஒரு பிள்ளகிட்ட ‘என்னையக் கட்டிக்கிறியா’ன்னு கேட்டா, அதுக்குப் பார்லர்க்காரி என்ன பண்ணுவா? நீயே ஞாயத்தச் சொல்லு… இல்ல இல்ல, நீ சொல்லாத. ஒதட்ட அசைக்காத யுவராணி. பேஸ்பேக்கு போட்டு ரெண்டு நிமிசங்கூட ஆகல, வாயத் தொறந்தா ஓரமா வெடிச்சிரும். அப்பறம் நாளைக்கு ஒன் நிச்சயத்துல மொகம் திட்டுத் திட்டாத் தெரியும், ஒங்கம்மா பவுனு மதினி என்னையத்தேன் பேசுவாக. இருவது நிமிசம் செவனேன்னு கெட. மணி என்ன… மூணு நாப்பது. சரியாப் போச்சு. நாலு மணிக்கு ஒன் மொகமும் காஞ்சிரும், என் தலையெழுத்தும் தெரிஞ்சிரும்.

ஒனக்கு வெவரம் தெரியாதுல்ல. நீ சின்னமனூர்க்காரப் பிள்ள, இந்தக் கூத்து அங்கன இன்னும் வந்து சேந்திருக்காது. அல்லிநகரம் பூராம் அஞ்சு நாளா இதே பேச்சு. காய் வாங்கப் போனாக் கேக்குறாக, ‘ஏஞ் சொர்ணலதா, அந்தப் பிள்ள என்னதேன் சொல்லப் போகுது’ன்னு. நான் என்னத்தக் கண்டேன்?

நம்ம அடுத்த தெரு ஹேமாவதி. பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கா. அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டா. மாப்பிள்ள மார்க்கையன்கோட்டை மதன்குமாரு, டிராக்டர் ஷோரூம்ல வேல. அவனும் அப்பிடித்தேன், ஒரு வார்த்த பேசுறதுக்குள்ள ஒம்பது தடவ வேர்த்துக்கிருவான். ரெண்டு வீட்டுக்கும் பிடிச்சுப்போச்சு. பூ வச்சு, நிச்சயம் பண்ணி நாலு மாசமாச்சு. பத்திரிக அடிச்சுப் பாதிப் பேருக்குக் குடுத்தாச்சு. மண்டபம், சமையலு, மேளம், மொகூர்த்தப் பட்டு, அதுக்குச் சாக்கெட்டு… எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஆவணி பன்னெண்டு கல்யாணம். இப்ப வந்து ‘கட்டிக்கிறியா’ன்னு கேக்குறான் பாத்துக்க. எலைய விரிச்சு, சோத்தப் போட்டு, கொழம்பையும் ஊத்திட்டு, ‘சாப்பிடுறீகளா’ன்னு கேட்டா எப்பிடி இருக்கும்? அதுக்குப் பேருதேன் சர்ப்ரைஸாம்.

எல்லாம் இந்த போட்டோ எடுக்குறதுல வந்த வென. திரைக்கு அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரவுக இருக்காகள்ல, பொன்னுராஜ் ஸ்டுடியோ… ஒங்கம்மாகூட அங்கனதேன் ஆல்பத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக… அவுக நல்ல மனுசன். ‘நேரா நில்லுங்க, லேசாச் சிரிங்க’, அம்புட்டுத்தேன் அவுகளுக்குத் தெரிஞ்ச வித்த. ஆனா இப்பல்லாம் கல்யாணத்துக்கு முன்னால சோடியா நின்னு எடுக்குற படத்துக்கு ஒரு கதை வேணுமாம்ல. மதுரையில மாப்பிள்ள முழங்கால் போட்டு மோதிரத்த நீட்டுறான், பொண்ணு வாயப் பொத்திக்கிட்டு அழுகுறா, அதுக்கு லட்சம் பேரு லைக்கு போடுறாக. இத எங்க வீட்டுக்காரவுக மண்டையில ஏத்துனது யாருன்னு கேக்காத. அத விடு.

கைய ஏன் தூக்குற? அரிக்கிதா? அரிக்கத்தேன் செய்யும். முல்தானி மட்டியில வேப்பெலைய அரைச்சுப் போட்டிருக்கேன், அது வேல செய்யிதுன்னு அர்த்தம். கைய எறக்கு தாயி. நாளைக்கு என்ன கலர் சேல? மாம்பழக் கலரா? சொல்லாத, நான் பவுனு மதினிகிட்டக் கேட்டுக்கிறேன்.

எங்கன விட்டேன்… ஆங், தோட்டம். சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தெராச்சத் தோட்டம். பந்தல் பூராம் கருகருன்னு பன்னீர் தெராச்ச தொங்குது. திட்டம் என்னன்னா, மோதிரத்த ஒரு தெராச்சக் கொலையில ரிப்பனப் போட்டுக் கட்டி வச்சிர்றது. ‘ஹேமா, அந்தக் கொலையப் பறி’ம்பான். அவ எட்டிப் பறிப்பா, மோதிரம் கண்ணுல படும், திரும்பிப் பாத்தா இவன் முழங்கால்ல நிப்பான். கேப்பான். அவ சரிம்பா. உடனே கலர்ப் பொகை, பேப்பர்ப் பூ, மேல டிரோன் சுத்தணும். நோட்டுல எழுதிப் பாத்தப்ப நல்லாத்தேன் இருந்துச்சு.

பந்தலுக்குள்ள நிக்கிற ஆள டிரோன் எப்பிடிம்மா பாக்கும்? ஒருத்தருக்கும் தோணல. அது மேல நின்னு அரமணி நேரம் வெறும் எலையப் படம் பிடிச்சிருக்கு. பொண்ணும் மாப்பிள்ளயும் கீழ நின்னு அதப் பாத்துக் கையசைச்சுக்கிட்டு இருக்காக. சரி, பொகையாச்சும் நல்லா வருதான்னு பாப்பம்னு ஒண்ணப் பத்த வச்சாக. செகப்பும் ஊதாவுமாக் கெளம்புச்சு பாரு… அங்கன பழம் வெட்டிக்கிட்டிருந்த பொம்பளையாளுக, ஏதோ புதுசா மருந்தடிக்கிறாகன்னு முந்தானைய மூக்குல பொத்திக்கிட்டு ஓடிருச்சுக. நாந்தேன் ஓடிப் போயி, இல்லத்தா, இது அலங்காரத்துக்குன்னு சொல்லி ஒவ்வொருத்தியாக் கூட்டியாந்தேன். வேல நின்னுபோச்சேன்னு அவசர அவசரமா வெட்டுனதுல, ஒருத்தி மோதிரம் கட்டுன கொலையவும் வெட்டி, பழம் அடுக்குற கிரேட்டுல போட்டுட்டா.

அந்தக் கிரேட்டு வண்டியில ஏறிருச்சு. வண்டி கம்பம்மெட்டு ஏறிக் கேரளா போறது. டிரைவரு ஸ்டார்ட் பண்ணிட்டான். எங்க வீட்டுக்காரவுக கேமராவக் கழுத்துல மாட்டிக்கிட்டு வண்டிக்கு முன்னால போயி ரெண்டு கையவும் விரிச்சு நிக்கிறாக. முப்பத்தெட்டு கிரேட்டவும் எறக்குனோம். நானு, அவுக, கோட்டு சூட்டோட மதன்குமாரு, அந்த டிரைவரு. ஹேமா தூரத்துல ஊஞ்சல்ல உக்காந்திருக்கா. ‘என்னக்கா தேடுறீக’ங்குறா. சர்ப்ரைஸாச்சே, என்னத்தச் சொல்ல? ‘ஒனக்கு நல்ல கொலையாத் தேடுறோம்மா’ன்னேன். ‘பந்தல்லயே தொங்குதேக்கா’ங்குறா. வெவரமான பிள்ள.

மோதிரம் முப்பத்தேழாவது கிரேட்டுல இருந்துச்சு.

இதுல மாப்பிள்ளயோட அம்மா முருகம்மா வேற. அவுகள யாரு கூப்பிட்டா? அவன் அம்மாகிட்ட எதையும் மறைக்க மாட்டானாம், சொல்லிட்டான். ‘எம் மகன் கேக்குறத நானும் பாக்கணும்’னு மொத பஸ்ஸப் பிடிச்சு வந்துட்டாக. வந்தவுகளச் சும்மா நிறுத்த வேணாமேன்னு, கையில அந்தப் பேப்பர்ப் பூ வெடியக் குடுத்து, ‘பொண்ணு சரின்னு சொன்ன ஒடன திருகுங்க’ன்னு பந்தலோட கல்லுக்காலுக்குப் பின்னால ஒளிய வச்சிருந்தோம்.

மொத டேக்கு. சொட்டுநீர் பாஞ்சு மண்ணு கொழகொழன்னு கெடக்கு. மதன்குமாரு முழங்காலப் போட்டான். போட்ட வேகத்துல வழுக்கி ஒரு முழம் முன்னால போயிட்டான். ஹேமா பதறிப்போயி, ‘விழுந்துட்டீகளா’ன்னு அக்குள்ல கைய விட்டுத் தூக்கி நிறுத்தி, மண்ணத் தட்டி விட்டுட்டா. எங்க வீட்டுக்காரவுக சொல்றாக, ‘தம்பி, போக்கஸ் போயிருச்சு, இன்னொரு தடவ சர்ப்ரைஸ் பண்ணுங்க’ன்னு. ரெண்டாவது டேக்கு. இவன் முழங்காலப் போட்டத முருகம்மா பாத்துட்டாக. பெத்த வயிறுல்ல. ‘ஏலே மதனு, தாலி கட்டுறதுக்கு முன்னாலயே கால்ல விழுகுறியாடா, எந்திரிடா’ன்னு ஓடியாந்தாக. ஓடியாந்த வேகத்துல கையில இருந்த வெடி டமால்னு போயிருச்சு. அந்தக் கேரளா டிரைவரு வேடிக்க பாத்துக்கிட்டு நின்னவன், அவன் தல பூராம் பேப்பர்ப் பூ.

சிரிக்காத. சிரிக்காத தாயி, கன்னம் வெடிக்கிது. நான் என்ன சிரிக்கவா சொல்றேன்? மணி மூணு அம்பத்தொண்ணு.

மூணாவது டேக்குதேன் வில்லங்கம். மதன்குமாரு இங்கிலீசுல கேக்குறதுக்கு உள்ளங்கையில எழுதி வச்சிருந்தான். வேர்வையில, தெராச்சச் சாறுல எல்லாம் அழிஞ்சுபோச்சு. முழங்கால்ல நின்னுக்கிட்டுக் கையப் பாத்து முழிக்கிறான். நான் பவுடரு டப்பாவோட பக்கத்துல நின்னேனா… வாய் சும்மா இருந்துச்சா? ‘எதுக்குய்யா இங்கிலீசு, நம்ம ஊருப் பிள்ளதான, நம்ம பேச்சுல கேளு’ன்னுட்டேன். நாந்தேன் சொன்னேன், ஒத்துக்கிறேன். அவன் ஒரு பெருமூச்சு விட்டான். அவள நிமிந்து பாத்தான். ‘ஹேமா… என்னையக் கட்டிக்கிற ஒனக்குச் சம்மதமா’ன்னான்.

இங்கிலீசுல கேட்டிருந்தா அது படத்துக்குக் கேட்டதாப் போயிருக்கும். அவளும் எஸ்ஸுன்னுட்டு முடியச் சரி பண்ணிக்கிட்டு நின்னிருப்பா. நம்ம பேச்சுல கேட்டதும் அது நெசமாவே கேள்வியாப் போச்சு.

அவ அவனப் பாத்தா. கையில இருந்த கொலையப் பாத்தா. மோதிரத்தப் பாத்தா. அழுகல, வாயப் பொத்தல, ஒண்ணுமில்ல. நிதானமா, ‘யோசிச்சுச் சொல்றேங்க. வெள்ளிக்கிழம நாலு மணிக்குச் சொல்லட்டுமா’ன்னா. இவன் முழங்கால்ல நின்ன மேனிக்கு, ‘சரிங்க’ன்னான். எங்க வீட்டுக்காரவுக அதையும் எடுத்துக்கிட்டே இருக்காக, ‘பிரமாதம், அப்பிடியே நில்லுங்க’ன்னு. அந்த டிரைவரு கை தட்டுறான்.

அன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு வீட்டு ஆளுகளும் இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்னாக. ‘என்ன யோசிக்கணும் இவளுக்கு? பத்திரிகையில பேரு போட்டாச்சுல்ல’ங்குறாரு ஹேமாவோட அப்பா. முருகம்மா என்னையக் கைய நீட்டிச் சொல்லிட்டாக, ‘இந்தக் கல்யாணம் நின்னுச்சு, ஒன் பார்லர் வாசல்ல வந்து உக்காந்துருவேன்’னு. அவுக செய்யக் கூடிய ஆளுதேன். பெறகு எவ வருவா எங்கிட்ட? பொண்ணு அலங்காரம்னாலே, ‘அவகிட்டப் போகாத, அவ கை பட்டாப் பொண்ணு யோசிக்க ஆரம்பிச்சிரும்’னு பேராகிப் போகும்ல.

ஆனா ஒண்ணு சொல்றேன் யுவராணி. நான் அஞ்சு நாளா ஒக்காந்து நெனச்சுப் பாத்தேன். அந்தப் பிள்ளைய யாரு கேட்டா? ஜோசியரு பொறந்த நேரத்தக் கேட்டாரு. டெய்லர் கை எறக்கம் எம்புட்டுன்னு கேட்டான். சமையக்காரன் எத்தன எலைன்னு கேட்டான். நான் லிப்ஸ்டிக்கு செகப்பா, ரோஸான்னு கேட்டேன். அவகிட்ட அம்புட்டுப் பேரும் அம்புட்டும் கேட்டோம். சம்மதமான்னு மட்டும் ஒரு நாதியும் கேக்கல. மொத மொதக் கேட்டது அந்தப் பயதேன், அதுவும் கேமராவுக்காக, மூணாவது டேக்குல.

மறுபடி கையத் தூக்குற. என்னது, வெளிய போகணுமா? இன்னும் அஞ்சே நிமிசம், பொறுத்துக்க. ஒன் மாப்பிள்ள பேரு விஜய்பாண்டிதான? கம்பத்துல கட வச்சிருக்காப்லன்னு மதினி சொன்னாக. நல்ல ஒயரமா? ஒசந்தவருன்னா ஒனக்குக் கொஞ்சம் குதிகால் வச்ச செருப்பு எடுக்கணும். சொல்லாத, சொல்லாத. படத்தப் பாத்துக்கிறேன்.

மணி மூணு அம்பத்தேழு.

தாயி, ஒனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். நீதேன் பேச முடியாம கெடக்கியே, யாருகிட்டச் சொல்லப் போற? இந்த சர்ப்ரைஸ் யோசனை எங்க வீட்டுக்காரவுகளோடது இல்ல. எனதுதேன். ஃபோன்ல பாத்துட்டு, ‘நாமளும் இப்பிடிச் செய்யணுங்க’ன்னு அவுகள நச்சரிச்சது நானு. அதுகூடப் பரவாயில்ல. மூணாவது டேக்குக்கு முன்னால ஹேமாவுக்கு லிப்ஸ்டிக்கு சரி பண்ணப் போனேன். அப்ப அவ காதுல, ‘அவரு ஒண்ணு கேப்பாரு. கேட்ட ஒடன சரின்னுறாத. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு’ன்னேன். ஆமா, நாந்தேன் சொன்னேன். ரெண்டு செகண்டு யோசிச்சா வீடியோவுல நல்லாருக்கும்னு சொன்னேன். அவ அஞ்சு நாளு எடுத்துக்கிட்டா.

வீடியோவுக்காகன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அதுக்கில்ல தாயி. நான் பன்னெண்டு முடிச்சிட்டு டைப்ரைட்டிங் போய்க்கிட்டிருந்தேன். ஒருநா கிளாஸ் விட்டு வாறேன், வாசல்ல அஞ்சு சோடி புதுச் செருப்பு கெடக்கு. எங்கம்மா சொல்றா, மொகத்தக் கழுவிட்டுக் காப்பியக் கொண்டு போன்னு. அம்புட்டுத்தேன். இருவத்திரெண்டு வருசம் ஆகிப்போச்சு. கொற ஒண்ணுமில்ல, தங்கமான மனுசன். கேட்டிருந்தா நான் சரின்னுதேன் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்ல? ஒரு வாட்டி, சும்மாவாச்சும். அதேன், அந்தப் பிள்ளகிட்ட ஒருத்தன் கேக்கப் போறான்னதும் எனக்குப் பொறுக்கல. ஒடனே சரின்னுட்டா, அது அவளுக்கு முடிஞ்சுபோகுமே… கொஞ்ச நேரம் அந்தக் கேள்விய அவ கையில வச்சிருக்கட்டுமேன்னு தோணுச்சு.

ஃபோன். இரு இரு. ஹேமாதேன்.

அலோ… சொல்லு தாயி… ம்… பேசிட்டியா?… ம்… யாரு, நீயா கேட்ட?… அவனையா?… அதுக்கு என்ன சொன்னான்?… அடக் கெரகமே… ம்… ம்… சரி… யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்… சத்தியமாச் சொல்ல மாட்டேன்… வைக்கிறேன்.

கேட்டியா கதைய? நாலு மணிக்குச் சரியா அவனுக்கு ஃபோனப் போட்டிருக்கா. ‘நான் சொல்றதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். ஒங்களுக்குச் சம்மதமா? ஒங்கள யாராச்சும் கேட்டாகளா’ன்னு. அவன், ‘இல்லங்க, என்னையும் யாரும் கேக்கல. நானும் யோசிச்சுச் சொல்லட்டுமா, திங்கக்கிழம’ன்னானாம். இப்ப அவன் யோசிக்கிறான். முருகம்மா காதுக்கு இது போச்சுன்னா என்ன ஆகும்னு தெரியல. நாளைக்கு ரெண்டு பேரும் வைகை டேமுக்குப் போயி ஒக்காந்து பேசப் போறாகளாம். போட்டோக்காரரக் கூட்டிட்டு வராதீகன்னு இவ சொல்லிட்டாளாம்.

அவ சிரிக்கிறா யுவராணி. நாலு மாசத்துல அந்தப் பிள்ள சிரிச்சு இன்னைக்குத்தேன் கேக்குறேன். ‘எனக்குச் சம்மதந்தேங்க்கா. ஆனா சொல்லிராதீக. அவுகளும் யோசிச்சு வரட்டும், அப்பச் சொன்னாத்தேன் நல்லாருக்கும்’ங்குறா. இதையும் நான் சர்ப்ரைஸா வச்சிருக்கணுமாம். எனக்கு எதுக்கு இந்தப் பாடு. ஆனா வயித்துல பால வார்த்தா.

சரி, நேரமாச்சு, கழுவிருவமா… என்னாத்தா, கண்ணுல தண்ணி நிக்கிது? பேக்கு உள்ள போயிருச்சா? இல்லையா? பெறகு ஏன் மறுபடி கையத் தூக்குற? இது மூணாவது தடவ… நீ ஏதாச்சும் சொல்லணுமா? …வெடிச்சா வெடிக்கட்டும். சொல்லு.

…ம்.

…யாருமே ஒன்னையக் கேக்கலையா?

…நான்… சேல என்ன கலருன்னு கேட்டேன். மாப்பிள்ள ஒயரம் எம்புட்டுன்னு கேட்டேன். அதுக்கும் ஒன்னையப் பதில் சொல்ல விடல. அடப் பாவி மகளே, நானும்ல கேக்கல.

ஏத்தா, எங்கன எந்திரிச்சுப் போற? கழுவிட்டுப் போ தாயி, அங்கன ஒங்கம்மா உக்காந்திருக்காக, பச்ச மொகத்தோட போயி நின்னா பயந்துருவாக… யுவராணி… திரைய இழுக்காத, கம்பி லூசா இருக்கு…

போயிட்டா.

மதினி, என்னையப் பாக்காதீக. நான் ஒண்ணுமே சொல்லல, பேக்குதேன் போட்டேன். என்னங்க, நீங்க அந்தக் கேமராவக் கீழ வைங்க மொதல்ல, இத எடுக்க வேணாம்… மதினி, பிள்ள என்னமோ கேக்குறாள்ல, ஆல்பத்த மூடுங்க. …அவ நாளைக்கு வேணாம்னு சொல்லல மதினி. கேளுங்கன்னுதேன் சொல்றா. ஒரே ஒரு வாட்டி கேளுங்க. …என்ன மதினி, நீங்க ஏன் கண்ணத் தொடைக்கிறீக?

…ஓ. ஒங்களையும் கேக்கலையா.

சரி, வாங்க. ரெண்டு பேரும் உள்ள வாங்க. மதினி, நீங்க இந்தச் சேருல சாஞ்சு உக்காருங்க, ஒங்களுக்கும் ஒரு பேக்கு போட்டு விடுறேன். அது காயிற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது, நானும் தொறக்க மாட்டேன். ஒங்க மக பேசட்டும்.